கைல் ஃபீல்டில் முதல் ஃபுட்பால் ஆட்டம்: நிற்க முடியாத பெற்றோர் எந்தப் பக்கம் சீட்டு வாங்குவது?

வெண்ணாற்றங்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் வேளாண்மைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். என் மகள் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறாள். நானும் என் மனைவியும் செப்டம்பர் தொடக்கத்தில் பல்கலைக்கழகம் இருக்கும் காலேஜ் ஸ்டேஷன் ஊருக்குப் போய் நவம்பர் இறுதிவரை அவளோடு தங்க இருக்கிறோம். அந்த மூன்று மாதமும் அங்கே கல்லூரி ஃபுட்பால் (நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஃபுட்பால்) பருவம் என்றும், பல்கலைக்கழக அரங்கான கைல் ஃபீல்டில் ஓர் ஆட்டத்தையாவது நாங்கள் நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்றும் மகள் உறுதியாகச் சொல்கிறாள். அவள் குரலில் இருக்கும் ஆவலைக் கேட்டபின் மறுக்க மனம் வரவில்லை. உண்மையில் எனக்கும் ஆசைதான்.

ஆனால் சில கவலைகள் இருக்கின்றன. என் மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. அரை மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் நிற்க இயலாது. மாணவர்கள் அமரும் பகுதியில் ஆட்டம் முடியும்வரை யாருமே உட்காருவதில்லை என்று மகள் கூறுகிறாள். அவளோடு அந்தப் பகுதியில் இருப்பதா, அல்லது வேறு பக்கத்தில் எங்களுக்குத் தனியாகச் சீட்டு வாங்குவதா? இந்த விளையாட்டின் விதிகள் எங்கள் இருவருக்கும் அறவே தெரியாது. எவ்வளவு தெரிந்துகொண்டு போனால் போதும்? சேப்பாக்கத்தில் கிரிக்கெட் பார்த்த பழக்கம் உண்டென்றாலும், ஒரு லட்சம் பேர் கூடும் இடத்துக்குள் நாங்கள் இதுவரை போனதில்லை. வெயில், உணவு (நாங்கள் சைவம்), மருந்துப் பை ஆகியவற்றைப் பற்றியும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

பிரேசோஸ்வாசி (பதில்)

ஐயா, வணக்கம். அங்கே முதுகலை படித்தவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். கைல் ஃபீல்டின் பெயருக்குரிய எட்வின் ஜாக்சன் கைல் உங்கள் துறைக்காரர். அக்கல்லூரியில் தோட்டக்கலைப் பேராசிரியராக இருந்த அவர், 1904ஆம் ஆண்டு வாக்கில் தம் துறையின் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டிருந்த நிலத்தின் ஒரு பகுதியை வேலியிட்டு மாணவர்களின் விளையாட்டுக்குக் கொடுத்தார். இன்று 102,733 பேர் அமரக்கூடிய அரங்கு நிற்பது அந்த இடத்தில்தான். 2014 அக்டோபர் 11 அன்று மிசிசிப்பி பல்கலைக்கழகத்தோடு நடந்த ஆட்டத்துக்கு 110,633 பேர் வந்திருந்தார்கள்.

மாணவர்கள் ஏன் நிற்கிறார்கள் என்பதை அறிந்துகொண்டால்தான் உங்கள் மகளின் ஆவல் முழுமையாகப் புரியும். 1922 ஜனவரி 2 அன்று டல்லஸில் நடந்த டிக்சி கிளாசிக் ஆட்டத்தில் ஏ அண்டு எம் அணி, அதற்கு முந்தைய ஆண்டு ஹார்வர்டையே வீழ்த்தியிருந்த சென்டர் கல்லூரியை எதிர்கொண்டது. ஆட்டம் நடக்க நடக்க வீரர்கள் ஒருவர்பின் ஒருவராகக் காயமுற்று வெளியேற, மாற்று ஆட்கள் இல்லாமல் போய்விடுமோ என்று அஞ்சிய பயிற்சியாளர் டானா பைபிள், பத்திரிகையாளர் பகுதியிலிருந்து வீரர்களை அடையாளம் காட்டிக்கொண்டிருந்த ஈ. கிங் கில் என்ற மாணவரை அழைத்தார். கில் முன்பு ஃபுட்பால் அணியில் பயிற்சி பெற்று, பிறகு கூடைப்பந்துக்குச் சென்றுவிட்டவர். காயமுற்ற வீரர் ஒருவரின் உடையை அணிந்துகொண்டு, அழைத்தால் உடனே இறங்கும்படி ஓரத்தில் ஆட்டம் முடியும்வரை நின்றார். கடைசிவரை அவரை அழைக்கும் தேவை எழவில்லை. ஏ அண்டு எம் 22–14 என்று வென்றது. களத்தில் பதினொருவர் ஆடும் விளையாட்டில், தேவைப்பட்டால் இறங்குவதற்குப் பன்னிரண்டாவது ஆளாக அவர் நின்றார் என்பதனால், இன்றைக்கும் மாணவர் கூட்டம் முழுவதையும் ‘ட்வெல்த் மேன்’ என்றே அழைக்கிறார்கள். மாணவர்கள் உட்காராமல் நிற்பதன் பொருள், நாங்களும் இறங்க ஆயத்தமாக இருக்கிறோம் என்பதே. அணியில் பன்னிரண்டாம் எண் சட்டையை உதவித்தொகை பெறாமல் ஆடும் ஒரு வீரருக்கே கொடுக்கிறார்கள். அரங்குக்கு வெளியே கில்லின் சிலை இருக்கிறது. உள்ளே போகும் முன் பார்த்துவிடுங்கள்.

மற்றக் கல்லூரிகளில் காணும் சியர்லீடர்கள் இங்கே கிடையாது. மாணவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஐந்து யெல் லீடர்கள் (முழக்கத்தை வழிநடத்துபவர்கள்), இறுதியாண்டினர் மூவரும் மூன்றாமாண்டினர் இருவருமாக, வெள்ளுடை அணிந்து களத்தின் ஓரத்தில் நின்று கைச்சைகை காட்டுவார்கள். அந்தச் சைகையை முன்வரிசையினர் பின்வரிசையினருக்குக் காட்ட, சில நொடிகளில் அது மேல்தளத்தின் கடைசி வரிசைவரை போய்ச் சேர்ந்துவிடும். பிறகு அத்தனை பேரும் முழங்காலில் கை ஊன்றி, சற்றே முன்குனிந்து ஒரே நேரத்தில் முழங்குவார்கள். அதை எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்பதைவிட அதன் நடுவில் நின்று கேட்பதே சிறப்பு என்பது என் எண்ணம். ஆகவே, இயலுமானால் மகளோடு மாணவர் பகுதியில் கொஞ்ச நேரமாவது இருந்து பாருங்கள். அவளிடம் மாணவர்களுக்கான ஸ்போர்ட்ஸ் பாஸ் என்னும் ஆட்டச் சீட்டு இருந்தால், விருந்தினருக்கான சீட்டு எப்படிப் பெறுவது என்று பல்கலைக்கழகச் சீட்டு அலுவலகத்தில் கேட்டுச் சொல்வாள்.

மல்லிகைப்பந்தல் (பதில்)

ஐயா, பிரேசோஸ்வாசி அவர்கள் எழுதியதை மிகவும் விரும்பிப் படித்தேன். இருந்தாலும் அவருடைய முடிவோடு என்னால் உடன்பட இயலவில்லை. என் மகனும் அங்கேதான் படித்தான். பெற்றோராக அந்த அரங்கின் இரு பக்கங்களிலும் இருந்து பார்த்திருக்கிறேன். முழங்கால் வலி உள்ள ஒருவரை மாணவர் பகுதிக்கு அழைத்துச் செல்லவே கூடாது. ஆட்டத்தின் கடிகாரம் 60 நிமிடம்தான் என்றாலும், இடைவேளைகளோடு சேர்த்து மூன்றரை மணி நேரம் வரை ஆகிவிடும். சுற்றிலும் எல்லோரும் நிற்கும்போது அம்மா மட்டும் உட்கார்ந்தால் முன்னால் இருப்பவரின் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியாது. மேல்தளங்களின் படிகள் செங்குத்தானவை. ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குக் கொடுமை.

வெயிலைப் பற்றியும் யோசிக்க வேண்டும். மாணவர் பகுதி கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது. பிற்பகல் ஆட்டமென்றால் மேற்கே சாயும் சூரியன் நேராக முகத்தில் அடிக்கும். செப்டம்பரில் அங்கே பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸ் வரை போவது வழக்கம். ஆகவே நான் சொல்வது இதுதான்: மேற்குப் பக்கத்தில், கீழ்த்தளத்தில், பின்வரிசைகளில் இடம் பாருங்கள். மேலே இருக்கும் தளத்தின் நிழல் அங்கே முதலில் விழும். சீட்டு வாங்கும்போதே படியேற இயலாதவர்களுக்கான இருக்கைகள் உண்டா என்று கேளுங்கள்; தயங்க வேண்டியதில்லை, அதற்கென்றே இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். செப்டம்பரைத் தவிர்த்து அக்டோபர் பிற்பகுதியிலோ நவம்பரிலோ ஓர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் பாதிக் கவலை தீர்ந்துவிடும். ஆட்டம் தொடங்கும் நேரத்தைத் தொலைக்காட்சி ஒளிபரப்பை ஒட்டியே முடிவு செய்வதால், பல ஆட்டங்களுக்குச் சரியான நேரம் ஓரிரு வாரங்களுக்கு முன்புதான் தெரியவரும். அந்தச் சனிக்கிழமை முழுவதையும் வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் விட்டுவிடுங்கள்.

பையைப் பொறுத்தவரை, ஏ அண்டு எம் சேர்ந்திருக்கும் எஸ்.இ.சி. என்னும் கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பின் அரங்குகள் அனைத்திலும் உள்ளிருப்பது தெரியும் பிளாஸ்டிக் பையை மட்டுமே அனுமதிக்கிறார்கள். அளவு 12 அங்குலத்துக்கு 12 அங்குலம், அகலம் 6 அங்குலம். கையளவுப் பணப்பை ஒன்று தனியாக இருக்கலாம். மருத்துவத் தேவைக்கான பொருள்களைச் சோதித்துப் பார்த்துவிட்டு அனுமதிப்பார்கள். மருந்தை அதன் சொந்த டப்பாவிலேயே, மருந்துச்சீட்டின் நகலோடு எடுத்துச் செல்லுங்கள். சீட்டுகள் கைப்பேசியில்தான் வரும். ஒரு லட்சம் பேர் ஒரே இடத்தில் இருக்கும்போது இணையம் திணறும்; வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே அவற்றைக் கைப்பேசியின் வாலட்டில் சேர்த்துவைக்கும்படி மகளிடம் சொல்லுங்கள்.

உள்ளே சைவம் என்றால் பாப்கார்ன், பிரெட்சல், நாச்சோஸ் போன்றவைதான் எளிதில் கிடைக்கும்; அவற்றை நம்பி இருக்க வேண்டாம். வயிறாரச் சாப்பிட்டுவிட்டே கிளம்புங்கள். முடிந்தால் தயிர்சாதமும் எலுமிச்சைச் சாதமும் கட்டி எடுத்துக்கொண்டு, அரங்குக்கு அருகிலேயே இருக்கும் ஏகீ பார்க்கில் அமர்ந்து சாப்பிடலாம். 2022இல் திறக்கப்பட்ட அழகிய பூங்கா அது. அங்கும் ஸ்பென்ஸ் பார்க்கிலும் ஆட்டத்துக்குப் பல மணி நேரம் முன்பே குடும்பம் குடும்பமாகக் கூடாரம் போட்டு, இறைச்சி சுட்டு, உறவினரோடு உண்டு களிப்பார்கள். அதை டெய்ல்கேட் என்பார்கள். முன்பின் அறியாதவரையும் “ஹவுடி” என்று வாழ்த்தி அழைத்துப் பேசுவார்கள். நீங்களும் அதே சொல்லால் பதில் வாழ்த்துச் சொன்னால் அவர்களுக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

இன்னொன்றையும் பெற்றோர் என்ற முறையில் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். அணி புள்ளி எடுக்கும்போதெல்லாம் இணையர் முத்தமிட்டுக்கொள்வது அங்கே நெடுநாள் மரபு. அதை யாரும் தவறாகக் கருதுவதில்லை. நீங்களும் திடுக்கிட வேண்டாம்.

நான்காவதுடவுன் (பதில்)

விதிகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கிரிக்கெட் பார்த்துப் பழகியவருக்கு இந்த ஆட்டம் கடினமே அல்ல. கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்துக்கும் இடையே ஒரு நிறுத்தம் இருப்பதுபோல இங்கும் ஒவ்வோர் ஆட்டமுயற்சிக்கும் இடையே நிறுத்தம் உண்டு. அந்த இடைவெளியில்தான் இரு தரப்பும் அடுத்தது என்ன என்று திட்டமிடுகின்றன. பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். முடியாது என்று தோன்றினால் நான்காவது முயற்சியில் பந்தைத் தொலைவாக உதைத்து எதிரணியிடம் ஒப்படைத்துவிடுவார்கள்; களத்தின் முனையிலுள்ள கம்பங்கள் எட்டும் தொலைவில் இருந்தால் அவற்றின் ஊடே உதைத்து 3 புள்ளி எடுக்க முயல்வார்கள். எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசேர்த்தால் டச் டவுன், 6 புள்ளி. அதன்பின் ஓர் உதையில் 1 புள்ளி. உதைக்காமல் மீண்டும் ஒருமுறை பந்தை உள்ளே கொண்டுபோனால் 2 புள்ளி. ஆட்டம் பதினைந்து நிமிடம் கொண்ட நான்கு பகுதிகளாக நடக்கும். இவ்வளவு தெரிந்தால் முதல் ஆட்டத்துக்குப் போதும். தண்டனைகளின் நுணுக்கங்களை நடுவர் அறிவிக்கும்போது மகளிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இவற்றைவிட முக்கியமாக நீங்கள் அறிந்திருக்க வேண்டியது, எப்போது ஒலி எழுப்ப வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்பதைத்தான். புதிதாக வருபவர்கள் தம் அணி பந்தை வைத்திருக்கும்போது உற்சாகமாகக் கத்துவார்கள். அது தம் அணிக்கே இடையூறு. ஒவ்வொரு முயற்சியையும் நடத்தும் வீரரான குவார்ட்டர்பேக் தன் வீரர்களுக்குக் குரலால் குறிப்புக் கொடுக்கிறார். அவர் குரல் கேட்க வேண்டும். மாறாக, எதிரணி பந்தோடு நிற்கும்போது, குறிப்பாக அவர்களின் மூன்றாவது முயற்சியின்போது, அரங்கு முழுவதும் இயன்ற அளவு முழங்கும். குறிப்புக் கேட்காமல் ஒரு வீரர் நொடிப்பொழுது முன்னதாக அசைந்துவிட்டால் அந்த அணிக்கு 5 கஜம் தண்டனை. 2024 முதல் பயிற்சியாளர் களத்திலுள்ள ஒரு வீரரோடு தலைக்கவசத்திலுள்ள வானொலி வழியே பேசலாம் என்று விதி வந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முயற்சியையும் தொடங்குவதற்கான கடிகாரத்தில் 15 நொடி மிச்சமிருக்கும்போது அந்த இணைப்பு துண்டிக்கப்பட்டுவிடும். அதற்குப் பிறகு களத்தில் மனிதக் குரல் மட்டும்தான். ஆகவே அங்கே கூட்டம் எழுப்பும் ஒலி ஆட்டத்தின் போக்கையே மாற்றக்கூடியது. அப்போது உங்கள் காதுக்கு அது மிகுதியாகத் தோன்றலாம். காதடைப்பான் இரண்டு இணை எடுத்துச் செல்லுங்கள்.

இடைவேளையைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். இருபது நிமிட இடைவேளையில்தான் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். இரண்டாவது பகுதி நடந்துகொண்டிருக்கும்போதே போய்வந்துவிடுங்கள். அந்த இருபது நிமிடத்தில் களத்தில் இறங்குவது ஏ அண்டு எம்மின் ராணுவ முறை அணிவகுப்பு இசைக்குழு. 1894இல் தொடங்கப்பட்டது. அதன் உறுப்பினர் அனைவரும் கேடட் படை என்னும் மாணவர் ராணுவப் பயிற்சிப் பிரிவைச் சேர்ந்தவர்கள். வரிசைகள் ஒன்றையொன்று ஊடுருவிக் கடந்து, ஒருவர் தோள்மீது ஒருவர் தோள் படாமல் மறுபுறம் வெளிவரும் காட்சிக்காகவே வருகிறவர்களை நான் அறிவேன். மல்லிகைப்பந்தல் சொல்லும் மேற்குப் பக்கக் கீழ்த்தளத்தின் பின்வரிசை இதைப் பார்க்க நல்ல உயரம்.

வெண்ணாற்றங்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தோட்டக்கலைப் பேராசிரியரின் செய்தியை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். மேற்குப் பக்கம் என்றே ஏறக்குறைய முடிவு செய்துவிட்டோம். ஆனால் மகளை விட்டுப் பிரிந்து அமர்வது அவளுக்கு வருத்தமளிக்குமோ என்ற எண்ணம் இருக்கிறது. மேலும், நவம்பர் இறுதியில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தோடு நடக்கும் ஆட்டம் உள்ளூரில் அமைந்தால் அதற்கே போக வேண்டும் என்கிறாள். முதல் ஆட்டமாக அதைத் தேர்ந்தெடுப்பது சரியா? பாட்டின்போது அரங்கின் தளமே ஆடும் என்று அவள் சொன்னதையும் விளக்க வேண்டுகிறேன்.

பிரேசோஸ்வாசி

ஐயா, மல்லிகைப்பந்தல் அம்மா சொன்னதை ஏற்கிறேன். அம்மாவின் முழங்காலே முதன்மையானது. மகளோடு சேர்ந்து இருப்பதற்கு அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. உள்ளூரில் ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைக்கு முந்தைய இரவு, வெள்ளி நள்ளிரவில், அதே கைல் ஃபீல்டில் மிட்நைட் யெல் என்ற முழக்கப் பயிற்சி நடக்கும். கட்டணம் இல்லை, யாரும் வரலாம். மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் ஆயிரக்கணக்கில் திரள்வார்கள். இசைக்குழு வரும், யெல் லீடர்கள் எதிரணியைப் பற்றிக் கதை சொல்வார்கள், எல்லா முழக்கங்களையும் ஒருமுறை ஒத்திகை பார்ப்பார்கள். வெயில் இல்லை, பகல்நேர நெரிசல் இல்லை, அதிக நேரமும் ஆகாது, வேண்டியபோது உட்காரலாம். அங்கே மகளின் அருகில் நின்று முழக்கங்களைக் கற்றுக்கொண்டால், மறுநாள் அவள் கிழக்கே தன் தோழர்களோடு நிற்க, நீங்கள் மேற்கே அமர்ந்தபடி அவளுடைய பக்கம் முழுவதையும் ஒரே பார்வையில் காணலாம். இருவரும் இரு பக்கங்களில் இருப்பதால் இழப்பு ஒன்றும் இல்லை என்று அப்போது உணர்வீர்கள்.

தளம் ஆடுவது உண்மை. வார் ஹிம் என்னும் பல்கலைக்கழகப் போர்ப்பாட்டின் இறுதியில், வரிசையில் நிற்பவர்கள் அனைவரும் தோளில் தோள் கோத்து, ஒரு வரிசை இடமாகவும் அடுத்த வரிசை வலமாகவும் சாய்ந்து ஆடுவார்கள். பல்லாயிரம் பேர் ஒரே தாளத்தில் அசைவதால், மேல்தளங்களில் அமர்ந்திருப்பவர்களுக்கு அந்த அசைவு நன்றாகவே தெரியும். பேரரங்குகளை இத்தகைய அசைவைத் தாங்கும்படிதான் கட்டுகிறார்கள், அஞ்ச வேண்டாம். கீழ்த்தளத்தில் உங்களுக்கு அது கண்ணுக்கு மட்டுமே தெரியும்.

டெக்சாஸ் ஆட்டத்தை முதல் ஆட்டமாகக் கொள்ள வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. இரு பல்கலைக்கழகங்களுக்கும் இடையிலான போட்டி 1894இல் தொடங்கியது. 2012இல் ஏ அண்டு எம் எஸ்.இ.சி.க்கு மாறியதும் அது நின்றுபோய், 2024 நவம்பர் 30 அன்றுதான் கைல் ஃபீல்டில் மீண்டும் தொடங்கியது. அன்று டெக்சாஸ் 17–7 என்று வென்றது. அத்தனை ஆண்டு ஏக்கமும் அந்த ஆட்டத்தின்மீது குவிந்திருப்பதால் சீட்டு விலை பல மடங்காகிவிடுகிறது, ஊருக்குள் வரும் சாலைகள் அடைத்துக்கொள்கின்றன, உணர்ச்சியும் உச்சத்தில் இருக்கிறது. விதிகளைப் பழகிக்கொண்டே பார்ப்பதற்கு அது இடமல்ல. அதற்கு முன் சற்று எளிய எதிரணியோடு நடக்கும் ஓர் ஆட்டத்தைப் பாருங்கள். கூட்டம் அப்போதும் குறைவாக இருக்காது.

ஆனால் டெக்சாஸ் ஆட்டத்தின் வாரத்தில் நீங்கள் ஊரில் இருந்தால், வளாகத்திலுள்ள போன்ஃபயர் நினைவிடத்துக்குக் கட்டாயம் போய்வாருங்கள். அந்த ஆட்டத்துக்கு முன்னதாக மாணவர்கள் தாங்களே மரம் வெட்டி அடுக்கிப் பெருந்தீ மூட்டுவது வழக்கமாக இருந்தது. 1999 நவம்பர் 18 விடியற்காலை 2:42 மணிக்கு அந்த மரக்கட்டை அடுக்கு சரிந்ததில் 12 பேர் இறந்தார்கள், 27 பேர் காயமுற்றார்கள். இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வாயில் வீதம் பன்னிரண்டு வாயில்கள் வட்டமாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் அவரவர் சொந்த ஊர் இருக்கும் திசையை நோக்கியது. இதைப் பார்த்தவருக்கு, இந்த ஊர் ஓர் ஆட்டத்தை ஏன் இவ்வளவு ஆழமாக நெஞ்சில் வைத்திருக்கிறது என்பது வேறு விதமாக விளங்கும்.

மல்லிகைப்பந்தல்

கடைசியாகச் சில நடைமுறைச் செய்திகள். ஆட்டம் முடிந்ததும் அவசரப்பட்டு எழ வேண்டாம்; அரை மணி நேரம் இருக்கையிலேயே இருந்தால் படிகளில் நெரிசல் குறைந்துவிடும். அணி தோற்றிருந்தால் மாணவர்கள் உடனே கலையாமல் அங்கேயே நின்று அடுத்த ஆட்டத்துக்கான முழக்கப் பயிற்சியை முடித்துவிட்டுத்தான் போவார்கள்; வென்றிருந்தால் முதலாமாண்டுக் கேடட்டுகள் யெல் லீடர்களைத் துரத்திப் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய் ஃபிஷ் பாண்டு என்ற நீரூற்றுக் குளத்தில் போடுவார்கள். மகள் அதைப் பார்க்க ஓடுவாள், எனவே சந்திக்கும் இடத்தை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கைப்பேசி அழைப்பு கிடைக்காமல் போகலாம். சந்திப்புக்கு மெமோரியல் ஸ்டூடண்ட் சென்டர் நல்ல இடம், உட்கார வசதி உண்டு. அது போர்களில் உயிரிழந்த முன்னாள் மாணவர்களின் நினைவாகக் கட்டப்பட்டது என்பதால், உள்ளே நுழைந்ததும் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும், அதைச் சுற்றியுள்ள புல்வெளியில் கால் வைக்கக் கூடாது. கூட்டம் அலைமோதும் அன்றைக்கும் எல்லோரும் நடைபாதை வழியாகத்தான் சுற்றிப் போவார்கள்; அம்மாவுக்கு நடை சற்றுக் கூடும், அதற்கேற்ப நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.